தவக்காலத்தில் அக்காரவடிசில்

என் கணவருக்குக் கண்ணில் புரை விழுந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, நான்தான். அரைக் கிலோ பீன்ஸ் வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். அரைக் கிலோ பச்சை மிளகாயோடு வந்து நின்றார். "இன்னைக்கு பீன்ஸ் நல்ல பிஞ்சா இருந்துச்சும்மா" என்று பெருமை வேறு. எடமலைப்பட்டி புதூரில் அன்றைக்கு என் சத்தம் மதுரை ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

மறுநாளே தில்லை நகரில் ஒரு கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பரிசோதித்துவிட்டு அவர் சொன்னார்: "புரை முத்திப்போச்சு, எடுத்துடலாம். ஆனா சக்கரை இவ்வளவு ஏறியிருக்கும்போது நான் கை வைக்க மாட்டேன். இறக்கிட்டு வாங்க."

"பெரிய வெள்ளிக்கு முன்னாடி முடிச்சுடலாமா டாக்டர்?" என்று இவர் கேட்டார்.

அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலில் ஆண்டவருடைய பாடுகளை, அவர் பிடிபட்டதிலிருந்து சிலுவையில் இறந்தது வரைக்கும், மூன்று பேர் பங்கு பிரித்து வாசிப்பார்கள். அதில் நடந்ததைச் சொல்லிக்கொண்டு போகும் பெரிய பகுதி எத்தனையோ வருடங்களாக இவருடையது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வகுப்புக்கு நடத்தும் பாடத்தைப் பக்கத்து வகுப்புக்கும் சேர்த்து நடத்தும் குரல். பக்கத்து வகுப்பில் கணக்கு எடுத்தவள் நான், எனக்குத் தெரியாதா? வேறு எந்தப் பதவிக்கும் ஆசைப்படாத மனுஷன், அந்த ஒரு வாசிப்புக்காக மட்டும் வருடம் முழுக்கக் காத்திருப்பார்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்ததும் நான் அறிவித்தேன்: "இந்தத் தவக்காலம் முடியிற வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள சக்கரை நுழையக் கூடாது." சர்க்கரை டப்பாவை அப்படியே எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். இவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் காந்தி மார்க்கெட்டிலிருந்து பை நிறைய வந்திறங்கியது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பேரீச்சம்பழம், பச்சைமலைத் தேன் ஒரு பெரிய பாட்டில்.

"என்னங்க இது?"

"எல்லாம் இயற்கை. மண்ணுலேருந்து வந்தது."

"கரும்பு என்ன ஃபேக்டரியிலயா முளைக்குது?"

"உனக்குப் புரியாதும்மா. இது மருந்து மாதிரி."

மருந்தை அவர் சாப்பிட்ட அழகு இருக்கிறதே! முன்பு காபிக்கு ஒரு ஸ்பூன் வெள்ளைச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தவர், இப்போது நாட்டுச் சர்க்கரையில் மூன்று போட்டார். தோசைக்குத் தேன். தேன் தீர்ந்த தட்டில் கருப்பட்டித் துண்டு. நான் பொறுமை இழந்து டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் சிரித்துவிட்டார். "அம்மா, அவர் ரத்தத்துக்கு கலர் தெரியாது. வெள்ளையா வந்தாலும் பழுப்பா வந்தாலும் சக்கரை சக்கரைதான். ஏதாவது இனிப்பா வேணும்னா ஒரு கொய்யாப்பழத்தக் கடிச்சுச் சாப்பிடச் சொல்லுங்க. ஜூஸ் போடாதீங்க."

அந்தப் பையும் எதிர்வீட்டுக்குப் போனது. எதிர்வீட்டுக்காரிக்கு அந்த வருடம் நல்ல வருடம்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் கொய்யா, வெள்ளரிப் பிஞ்சு, வறுத்த கடலை, நீர்மோர். காபியில் பால், டிகாஷன், அவ்வளவுதான். முதல் நாலைந்து நாள் டம்ளரைத் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். நானும் அதையேதான் குடித்தேன். எனக்கும் தொண்டையில் இறங்கவில்லை, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு காலையில் அவரே, "ஏம்மா, பாலுக்கே ஒரு தித்திப்பு இருக்கு, கவனிச்சியா?" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆள் திருந்திவிட்டார் என்று முட்டாள்தனமாக நம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடவே, முந்தின ஞாயிறு வெளியூர் போயிருந்த ஸ்ரீரங்கத்து நண்பரும் வந்தார்.

நண்பர் எங்களோடு வேலை பார்த்த கெமிஸ்ட்ரி வாத்தியார். ஐயங்கார். லேப் மேஜை டிராயரில் அமிலத்துக்குப் பக்கத்திலேயே மைசூர்பாகு வைத்திருந்தவர். ஞாயிறுதோறும் வீட்டில் பெருமாளுக்கு அக்காரவடிசில் படைத்துவிட்டு, ஒரு சின்னத் தூக்கில் பிரசாதம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பாலில் குழைந்த அரிசி, வெல்லம், நெய், முந்திரி. தூக்கைத் திறந்தால் தெருவே மணக்கும்.

என் கணவர் கையை நீட்டினார். நான் நடுவில் புகுந்தேன். "தவக்காலம்ங்க!"

"தவக்காலத்து நாற்பது நாள் கணக்குல ஞாயித்துக்கிழமை சேராதும்மா. நீ கணக்கு டீச்சர், எண்ணிப் பாரு. ஞாயித்துக்கிழமைய விட்டாத்தான் நாற்பது வரும்."

எண்ணிப் பார்த்தேன். பாவி மனுஷன், சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

"ஆனா இது இனிப்பாச்சே சார்" என்று நண்பர் பக்கம் திரும்பினேன்.

"பிரசாதம் தித்திப்புல சேர்த்தி இல்லை டீச்சர்" என்றார் அவர், ரொம்பச் சாந்தமாக. "பெருமாள் அமுது செஞ்சப்புறம் அது வேற."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த இரண்டு மதமும் இத்தனை சீக்கிரம் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளில் தூக்கும் கொஞ்சம் பெரிதானது.

தவக்காலம் பாதி கடந்தபோது ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அதே வாரம் கோயிலில் வாசிப்புக்கு ஒத்திகை. எழுத்து கண்ணுக்குத் தெரியாததால் இவர் மனப்பாடமாகவே ஒப்பித்தார். சேவல் கூவுவதற்குள் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலிக்க வேண்டிய சீடர், இவர் வாயில் இரண்டோடு நிறுத்திக்கொண்டார். அதற்குள் சேவல் கூவிவிட்டது. கூட வாசித்த பையன்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடினார்கள். ஃபாதர் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுத்துக்கலாமே. அடுத்த வாரம் முடிவு பண்ணிக்குவோம்" என்று மெதுவாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் திட்டுவதற்கு எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. திட்டாமல் இருக்கவும் முடியவில்லை, ஆகவே திட்ட வேண்டிய இன்னொருவரைத் தேடி பஸ் ஏறினேன்.

சித்திரை வீதியில் நண்பர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டேன். "சார், நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார்தானே? வெல்லத்துல என்ன இருக்குன்னு எத்தனை பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருப்பீங்க? சக்கரை இறங்கலைன்னா கண் ஆபரேஷன் இல்லைன்னுட்டாரு டாக்டர். ஆபரேஷன் இல்லைன்னா இவருக்கு வாசிப்பு இல்ல. அந்த மனுஷன் உடைஞ்சு போய் உக்காந்திருக்காரு!"

அவர் திகைத்துப் போனார். "ஆபரேஷனா? விரதம்னுதானே என்கிட்ட சொன்னார்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கு நின்றுவிடுமே என்று உயிர் நண்பரிடமே மறைத்திருக்கிறார்.

நண்பர் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "கொஞ்ச நாளா என் முகத்தைப் பாக்காம தோளைப் பாத்துப் பேசிண்டிருந்தார் டீச்சர். வயசாயிடுத்துன்னு நினைச்சேன்" என்றார். அதற்கு மேல் எனக்கும் சண்டை போட வரவில்லை.

அடுத்த ஞாயிறு வழக்கமான பஸ்ஸில் வந்தார். கையில் தூக்கு இல்லை. ஒரு இலையில் கொஞ்சம் துளசி மட்டும்.

"இந்தாரும் பிரசாதம்."

என் கணவர் இலையைத் தடவிப் பார்த்தார். "அக்காரவடிசில் எங்க ஸ்வாமி?"

"ஆத்துல பண்ணினா. பெருமாள் அமுது செஞ்சார். நான் தொடலை. உமக்குக் கண்ணு சரியாற வரைக்கும் நானும் தித்திப்பு தொடறதில்லைன்னு வேண்டிண்டுட்டேன் ஓய்."

"அய்யய்யோ! உமக்கு எதுக்குய்யா தவக்காலம்?"

"வந்துடுத்து, என்ன பண்றது?"

"சரி, ஞாயித்துக்கிழமையாவது சாப்பிடலாமே..."

"எனக்கு எல்லாக் கிழமையும் ஒண்ணுதான்."

மைசூர்பாகு இல்லாமல் ஒரு பீரியட் எடுக்க முடியாதவர் சொல்கிறார் இதை! என் கணவர் துளசியை வாயில் போட்டுக்கொண்டு தலை குனிந்தார். அன்றைக்கு இருவரும் கொய்யாவை நறுக்கி மிளகுத்தூள் தூவித் தின்றார்கள். அதன் பிறகு நான் காவல் காக்கவே வேண்டியிருக்கவில்லை. இவரே கொய்யா வாங்கி வந்தார், இவரே நடந்தார். பெரிய வெள்ளிக்கு முன்னால் வரும் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வாரம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "அட, நாளைக்கே வாங்க" என்றார். ஆபரேஷன் முடிந்து இவர் எழுத்தைப் பார்த்து வாசித்துக் காட்டியதும் ஃபாதரும் சரி என்றார்.

பெரிய வெள்ளி மத்தியானம் கோயில் நிரம்பி வழிந்தது. நான் இரண்டாவது பெஞ்சு வரிசையில் நின்றேன். இவர் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்க ஏறினார். ஆரம்பித்தார். அதே பழைய குரல். ஒரு வரி விடவில்லை. சீடர் மூன்று முறையும் ஒழுங்காக மறுதலித்தார். நடு நடுவே புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி எங்களையெல்லாம் பார்த்தார். திரும்பிப் பார்த்தேன். கடைசியில், வாசல் ஓரமாக, நெற்றியில் திருமண்ணோடு நண்பர் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை.

எல்லாம் முடிந்து வெளியே வந்தோம். என் கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவரிடம் போனார்.

"என்ன ஸ்வாமி, அழுதீரா?"

"சேச்சே. வெயில்ல வந்தேனோல்லியோ, வேர்த்துடுத்து."

"கதை விடாதீர். அங்க நின்னுக்கிட்டே பார்த்தேன், கண்ணுலேருந்துதான் வந்துச்சு."

நண்பர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இவர் என் பக்கம் திரும்பினார்.

"நீயும்தான். ரெண்டாவது பெஞ்சுல நின்னு மூக்க உறிஞ்சிக்கிட்டு."

எனக்குக் கோபமே வரவில்லை.