மீட்டர் அக்காவின் சோதனை மேசை

இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, வலது கையால் மட்டும் மீட்டரின் முனையை ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடிக் குழாய் வால்வின் காலில் வைக்கிறார். நானூறு வோல்ட் ஓடும் இடம். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போய்விடும். பதினெட்டு வருடப் பழக்கம். வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கும்போதும் அந்தக் கை தானாகப் பின்னால் போய்விடுமாம். "யாருக்குத் தெரியாம என்னத்த மறைக்கற?" என்று கணவர் கேட்பாராம்.

வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்யும் அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் இவர் மீட்டர் அக்கா. வால்வு சூடேற அரை மணி நேரம் காத்திருப்பார். ஸ்பீக்கர் இருக்கவேண்டிய இடத்தில் கனத்த மின்தடை ஒன்றை மாட்டுவார். ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, திரையில் ஓடும் அலையின் தலை தட்டையாகிற இடத்தில் நிறுத்திக் குறித்துக்கொள்வார். "அதுக்கு மேல போனா கத்தும், பாடாது." நாளுக்கு ஆறு பெட்டி. "கண்ண மூடினாலும் பச்சைக் கோடு ஓடுதுங்க. அதையும் அளக்கணும்போல."

நான் போயிருந்த அன்று ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார் ஒருவர் மனைவியோடு வந்தார். அதே ஆம்ப்ளிஃபயர், மூன்றாம் தடவை. "பாட்டுல பளபளப்பே இல்லம்மா. மேல போகப் போக மங்குது."

அக்கா பெருமூச்சு விட்டு மறுபடி முதலிலிருந்து அளந்தார். உச்சம்வரை ஒரு குறையும் இல்லை. முதலாளி குனிந்து, "ஒரு வால்வ மாத்திட்டோம்னு சொல்லி அனுப்பிடேன்" என்றார்.

"மாத்தாதத மாத்தினேன்னு எழுத மாட்டேன்."

ஸ்பீக்கரை மாட்டி, ஒற்றைத் தொனியை மெல்ல மேல் ஸ்தாயிக்கு ஏற்றினார். "கேக்குதா ஐயா?"

"கேக்குது... கேக்குது..."

எட்டாயிரம் ஹெர்ட்ஸில் எனக்குப் பல் கூசியது. மனைவி முகம் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டார். வாத்தியார் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, நிறுத்திட்டியா?"

கேட்டுக்கொண்டே மனைவி பக்கம் திரும்பினார். மனைவியின் கை சட்டென்று இறங்கியது.

"உனக்குக் கேக்குதா?"

"இல்லையே. எனக்கும் ஒண்ணும் கேக்கல."

வாத்தியார் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு அக்காவிடம், "பெட்டி நல்லாத்தான் இருக்கு, இல்ல?" என்றார்.

"நல்லா இருக்குங்கய்யா."

அக்கா திருகு குமிழைப் பிடித்து, வாத்தியாரின் தலை அசையும் வரை தொனியைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார். அசைந்ததும், கையை எடுக்காமல் அங்கேயே நிறுத்தினார்.