குழாயில் கேட்காத பேஸ்

நடந்தவை, வரிசையாக:

1. ‘கடைமடை’ என்ற ராக் பாண்டின் முதல் சிங்கிள் ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது.
2. இயர்போனில் கேட்டவர்கள் பாராட்டினார்கள். பெரும்பாலோர் எங்களுக்குத் தெரிந்தவர்கள்.
3. அடுத்த வாரம் குருவிநத்தத்தில் ஆடிக்கூழ் ஊற்றினார்கள். மைக்செட்டில் அந்தப் பாட்டைப் போட்டார்கள்.
4. முதல் அரை நிமிடம் எதுவுமே கேட்கவில்லை.
5. மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபயரைக் கையால் தட்டினார்.
6. பேஸ் கிட்டார் வாசித்த வினோத்திடம் அவன் அம்மா, “இதுல நீ வாசிச்சது எதுடா?” என்று கேட்டார்.
7. பாண்டை விட்டுப் போவதாக வினோத் சொன்னான்.

அந்தப் பாட்டை ரெக்கார்டு செய்து மிக்ஸ் செய்தவள் நான். ஒலித்துறைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் எந்த மைக் வாங்கலாம், எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஆறாவது வரியைப் பற்றி.

பாட்டு

என் ஸ்டுடியோ பாகூரில் ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, சென்னையில் சவுண்ட் என்ஜினியரிங் படித்து, அங்கே சில வருடம் உதவியாளராக இருந்துவிட்டு வந்து தொடங்கினேன். கீழே லாரி வந்து மூட்டை இறக்கினால் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடுவோம். வேறு குறை இல்லை.

கடைமடை பாண்டில் நால்வர். பாடுபவள் ஜெனிஃபர், ஊர் சோரியாங்குப்பம். பேஸ் வினோத், குருவிநத்தம். அவன் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்தான். மற்ற இருவர் கிட்டாரும் டிரம்ஸும். பாட்டின் பெயர் ‘எங்க பக்கமும் வயலு’. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் நிலத்துக்குத் தண்ணீர் வந்து சேராததைப் பற்றியது.

அது பேஸ் கிட்டாரில் தொடங்கும். அரை நிமிடத்துக்கு வேறு எந்த வாத்தியமும் கிடையாது. இவ்வளவு நீளம் வேண்டுமா என்று கேட்டேன்.

“தண்ணி கண்ணுல படறதுக்கு முன்னாடி வாய்க்கா தரை முனகும்க்கா,” என்றான் வினோத். “காலை வச்சா தெரியும். அதுக்கு இவ்ளோ நேரம் ஆவும்.”

“அவன் சொன்னா வுட்டுடுக்கா,” என்றாள் ஜெனிஃபர். “நான் வந்து கத்தறதுக்குள்ள ஜனங்க கொஞ்சம் பயப்படட்டும்.”

ஸ்டுடியோவின் மானிட்டர் ஸ்பீக்கரில் அந்த அரை நிமிடத்தைப் போட்டால் மேசை மேல் இருக்கும் டம்ளர் தண்ணீர் நடுங்கும். மானிட்டர், ஹெட்போன், நண்பரின் கார் மூன்றிலும் கேட்டுப் பார்த்துத்தான் வெளியிட்டோம். எங்கள் பக்கத்து ஜனங்கள் ஒரு பாட்டைச் சேர்ந்து கேட்பது இந்த மூன்றிலும் இல்லை. தென்னையிலும் கரண்ட் கம்பத்திலும் கட்டிய குழாய் ஸ்பீக்கரில். நாங்கள் ஐந்து பேரும் அந்தக் குழாயைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

மைக்செட்

மைக்செட்காரர் ஏழுமலை அண்ணன். அவருடைய ஆம்ப்ளிஃபயரில் பேஸ் குமிழ் சுத்தமாகக் குறைத்து வைக்கப்பட்டிருக்கும். யாரும் தொடாமலிருக்க அதன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கும். குழாய்க்குள் ஒலியெழுப்பும் யூனிட் கனத்த அடிச்சத்தத்தைத் தாங்காது, எரிந்துவிடும். இந்தப் பகுதியில் எல்லா மைக்செட்டிலும் இதுதான் வழக்கம்.

கோயில் வாசலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வினோத்தின் அம்மா அஞ்சலை, தன்னோடு களை எடுக்க வரும் பெண்களையெல்லாம் கூட்டி வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார். “எம் புள்ள பாட்டு, மொதல்ல அவந்தான் வருவான்” என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

பாட்டு தொடங்கியது. அமைதி. காக்கை கத்துவது கேட்டது. ஏழுமலை அண்ணன் வயரை ஆட்டினார், ஆம்ப்ளிஃபயரைத் தட்டினார், பிறகு என்னைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, ஊமைப் பாட்டா?”

அவர் வேறு பாட்டுக்கு மாற்றப் போன நேரத்தில் ஜெனிஃபரின் குரல் வந்தது. கூட்டம் நிமிர்ந்தது. இரண்டாவது தடவை பல்லவி வந்தபோது பையன்கள் கை தட்டி ஆடினார்கள். மறுபடி போடச் சொன்னார்கள். மறுபடியும் முதல் அரை நிமிடம் காக்கைதான்.

அப்போதுதான் அஞ்சலை மகனிடம் கேட்டார், இதில் அவன் வாசித்தது எது என்று. அவன் போனில் போட்டுக் காட்டினான். போன் ஸ்பீக்கரிலும் அது வராது.

பக்கத்தில் இருந்த பெண் சொன்னார்: “உம் புள்ள போட்டோவுக்கு நிக்கிறான் போல்ருக்குடி. கையில கட்டைய புடிச்சிக்னு.”

எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலையும் சிரித்தார். பிறகு சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். வினோத் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

மறுநாள் ஸ்டுடியோவுக்கு வந்தான். “கம்பெனில பர்மனென்ட்டா செகண்ட் ஷிஃப்ட் கேக்கறாங்க. ஒத்துக்கப் போறேன்க்கா. பிராக்டீஸுக்கு வர முடியாது.”

“பாட்டு இப்பத்தானே ஓட ஆரம்பிச்சிருக்கு?”

“நான் இல்லாமயே ஓடுது இல்ல? அதான் சொல்றேன்.”

அவனிடம் ஒரு வாரம் கேட்டேன். தந்தான்.

இல்லாத சத்தம்

வினோத் வாசித்த ஸ்வரங்கள் பெரும்பாலும் நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே. குழாய் ஸ்பீக்கர் சுமார் முந்நூறுக்கு மேலேதான் வாயைத் திறக்கும். மிக்ஸில் பேஸை எவ்வளவு ஏற்றினாலும் பயன் இல்லை. மூடிய மடையில் தண்ணீரை உயர்த்துவது போலத்தான்.

படிப்பில் ஒரு பாடம் வந்தது. ஒரு கம்பி அதிரும்போது அதன் ஸ்வரம் மட்டும் வருவதில்லை. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேலேயும் மெல்லிய சத்தங்கள் கூட வரும். அந்த மேல்மடங்குகளை மட்டும் கொடுத்து அடி ஸ்வரத்தை நீக்கிவிட்டால், மூளை அந்த மடங்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து, இல்லாத அடி ஸ்வரத்தைத் தானே கேட்டுக்கொள்ளும். அந்தக்கால டெலிபோனில் அப்பாவின் கனத்த குரல் கனத்த குரலாகவே கேட்டது இதனால்தான். அந்த போன் குரலின் அடியைக் கடத்தியதே இல்லை.

பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். வேலையில் நம்பிப் பார்த்ததில்லை.

செய்தது இவ்வளவுதான். பேஸ் டிராக்கை நகல் எடுத்தேன். நகலில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டு மேல்மடங்குகளைப் பெருக்கினேன். நகலின் அடிப்பகுதியை வெட்டினேன். மிச்சத்தை அசலோடு கலந்தேன்.

நகலை மட்டும் போட்டுக் காட்டியபோது வினோத் முகத்தைச் சுளித்தான். “டப்பாவுக்குள்ள வண்டு மாட்டிக்கிச்சா? இது நான் இல்லக்கா.”

“வண்டுதான். குழாய்ல கேட்டுட்டுச் சொல்லு.”

அந்த வாரமே சோரியாங்குப்பத்தில் ஒரு காதுகுத்து. ஏழுமலை அண்ணன்தான் மைக்செட். புது மிக்ஸைக் கொடுத்தேன்.

“திரும்ப ஊமையா இருந்துச்சுன்னா உன்னையே பாட வுட்ருவேன்,” என்றார். குமிழ் மேலிருந்த டேப்பை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. எடுத்திருக்கவும் மாட்டார்.

வயலில்

அன்று காலை அஞ்சலை அந்த ஊர் எல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நான் வினோத்தை அழைத்துக்கொண்டு வரப்புக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் காதுகுத்து வீட்டுத் தென்னையில் குழாய் சின்னதாகத் தெரிந்தது. என்ன விஷயம் என்று அஞ்சலையிடம் சொல்லவில்லை. சொன்னால், காதில் விழாவிட்டாலும் மகனுக்காக விழுந்தது என்று சொல்லிவிடுவார்.

என் போனில் ஒலியைப் பிரித்துக் காட்டும் ஆப் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு தொடங்கியது. திரையில் முந்நூறுக்குக் கீழே காற்றுச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை.

ஆனால் எனக்குக் கேட்டது. தகரக் குழாயிலிருந்து, வயலைத் தாண்டி, கனமாக, மெதுவாக வந்தது. திரையைப் பார்த்தேன், இல்லை. நிமிர்ந்தேன், இருந்தது. வினோத் வாயைத் திறந்தபடி நின்றான்.

அஞ்சலையின் கை களையில் நின்றது. தலையைத் திருப்பாமல் கேட்டார்.

“இன்னாடா அது, அடியில எருமை கணக்கா ஒண்ணு நடந்து வருது?”

வினோத் வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கினான்.

“அதாடா நீ?”

“ஆமாம்மா.”

அவர் முழுதும் கேட்டார். ஜெனிஃபர் பாடத் தொடங்கியதும், “இந்தப் பொண்ணு கொஞ்சம் சும்மா இருந்தா நல்லாக் கேக்கும்,” என்றார். பிறகு போட்டோ என்று கிண்டல் செய்த பெண்ணைக் கூப்பிட்டார். “ஏண்டி, கேட்டுதா?”

“கேட்டுது, கேட்டுது. எருமை ஒண்ணுதான் கொறைச்சலா இருந்துச்சு உங்க வூட்ல. களையப் புடுங்கு, வெயில் ஏறுது.”

பத்துப் பன்னிரண்டு பேர் அந்த வயலில் இருந்தார்கள். எல்லோரும் காற்றில் இல்லாத ஒரு சத்தத்தைக் கேட்டிருந்தார்கள், ஒரே சத்தத்தை. களை எடுத்தபடியே ஒருவர் அதை முனகினார். பல்லவியை இல்லை, அந்த அரை நிமிடத்தை. அதற்கான சமன்பாடு எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

இப்போது

ஒலித்துறைக்கு வருகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. யாருக்காக மிக்ஸ் செய்கிறோமோ அவர் எங்கே உட்கார்ந்து, எதில் கேட்பார் என்று முதலில் பாருங்கள். அந்த ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள். அதில் போகாததையும் கொண்டுபோய்ச் சேர்க்கக் காது காத்திருக்கிறது. அதற்கு வேண்டிய துப்பைக் கொடுப்பது மட்டுமே நம் வேலை.

நிலவரம் இது. பழைய மிக்ஸை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாகிவிட்டது. என் ஸ்டுடியோ சுவரில், மானிட்டர்களுக்கு நடுவில், ஏழுமலை அண்ணனிடமிருந்து வாங்கிய பழைய குழாய் ஒன்று மாட்டியிருக்கிறது. எந்தப் பாட்டும் அதில் கேட்காமல் வெளியே போவதில்லை. அவருடைய பேஸ் குமிழ் மேல் டேப் அப்படியே இருக்கிறது. எங்கள் பாட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. எல்லா மைக்செட்டிலும் ‘எருமைப் பாட்டு’ என்றுதான் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். வினோத் காலை ஷிஃப்டில் இருக்கிறான். மாலையில் பிராக்டீஸுக்கு வருகிறான்.