விரிசலில் ஒட்டிய கண்ணாடி

அஸ்திவார வேலைக்காரனை யாரும் நல்ல நாளில் கூப்பிட மாட்டார்கள். மாம்பலத்தில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், வீடு கட்டிய மேஸ்திரிகளுக்கு வேஷ்டியும் தாம்பூலமும் கிடைத்தன. மயிலாப்பூரில் சாயும் சுவரைத் தாங்கிப் பிடித்த எனக்குத் திட்டுதான் கிடைத்தது. செய்த வேலையோ மண்ணுக்குள் போய்விடும். காட்டிப் பெருமைப்படவும் முடியாது. குழியில் இறங்கிப் பிழைக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டாம். ஒரே ஒரு வீட்டில் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

சுவருக்கு ஒரு சிபாரிசு

குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வக்கீலின் வீடு. குளியலறைத் தண்ணீர் வருஷக்கணக்காகப் பக்கத்துச் சந்திலேயே தேங்கி, அஸ்திவாரச் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டது. சந்துப் பக்கச் சுவர் இறங்கி, அதை ஒட்டிய அறையில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். என் கட்டைவிரல் தாராளமாக உள்ளே போயிற்று.

"வேலை முடிகிற வரைக்கும் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். அந்த அறையில்தான் அவருடைய மகள், பிரசவத்துக்கு வந்தவள், படுத்திருந்தாள். வக்கீலுக்கு என்மேல் கோபம் வந்தது.

"வளைகாப்பு முடிஞ்சு ஆத்துக்கு வந்தவளை இப்போ எங்கே அனுப்பறது? இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துக்கோன்னு அந்தச் சுவர்கிட்ட நீரே சொல்லும்!"

பொய் சொல்லாத சாட்சி

சுவர் நின்றுவிட்டதா, இன்னும் நகர்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் விரிசலுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சிமிட்டி வைத்து ஒட்டுவோம். மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடைந்தால் தோண்டக்கூடாது, முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். முழுசாக இருந்தால் சுவருக்கு அடியில் மூன்றடி அகலத்துக்கு ஒரு குழி. அதில் செங்கல் வைத்துக் கட்டி, அது இறுகிய பிறகே அடுத்த குழி.

இதையெல்லாம் வக்கீலிடம் விளக்கமாகச் சொன்னேன். அவர் கண்ணாடியை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கோர்ட்டுல நான் பார்த்த சாட்சிகள்லாம் தோத்துது போம், பொய் சொல்லத் தெரியாத சாட்சி இது ஒண்ணுதான்."

சந்திலிருந்து ஒரு குரல்

குழி தோண்டியவன் முனியன், சைதாப்பேட்டை ஆற்றங்கரைக்காரன். அங்கே வேறொருவரின் வேலையில் அவன் அண்ணன் மேல் சுவர் சரிந்தது. ஆள் பிழைத்தார், ஆனால் அப்புறம் எழுந்து நடக்கவில்லை. முனியன் அதைப் பற்றிப் பேசமாட்டான். தினமும் குழியில் இறங்குமுன் "இன்னா மேஸ்திரி, கண்ணாடி கீதா?" என்று மட்டும் கேட்பான்.

அவனை வீட்டுக்குள் விடமாட்டார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. சுவருக்குக் கீழே நிற்கிறவன் அவன், கண்ணாடியைப் பார்க்கிறவன் நான். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வாய் திறந்து யாரையும் கேட்கவில்லை. நானும், பெண் படுத்திருக்கும் அறை என்று, வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து "முழுசா இருக்கு" என்பேன்.

"நீ பாத்தா சரி மேஸ்திரி. உன் கண்ணுதான் எனக்கும் கண்ணு."

எறும்பு

மூன்றாவது குழியின்போது விடாமல் மழை. முனியன் கழுத்தளவு ஆழத்தில் இருந்தான். பக்கவாட்டில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அவன் மறுபடி கேட்டான். நான் போய் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி முழுசாக இருந்தது. திரும்பிய என்னை அந்தப் பெண் கூப்பிட்டு, கதவு காலையிலிருந்து சாத்த வரவில்லை என்றாள். கண்ணாடி ஒட்டிய நாளுக்குப் பிறகு முதல் தடவையாக உள்ளே போனேன். நிலை கோணியிருந்தது.

கண்ணாடிக்குப் பக்கத்தில் போனேன். அதன் ஓரத்தில் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சிமிட்டிக்கு எறும்பு வருமா? தொட்டேன், கண்ணாடி கையோடு வந்துவிட்டது. பின்னால் நசுங்கிய சோற்றுப் பருக்கை. நான் ஒட்டிய கண்ணாடி எங்கே? என் இரண்டு விரல் விரிசலுக்குள் போயிற்று.

சமையலறை வாசலில் வக்கீலின் மனைவி நின்றிருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"வெள்ளிக்கிழமை கார்த்தால ரெண்டா உடைஞ்சு கிடந்தது. பிள்ளைத்தாச்சி கண்ணுல உடைஞ்ச கண்ணாடி படலாமோ? அதான் பழைய படத்துக் கண்ணாடியை எடுத்து ஒட்டி வெச்சேன்."

கட்டை

வெள்ளிக்கிழமையிலிருந்து நாலு நாள்! நாலு நாளும் அவனை நான்தான் "இறங்கு" என்று இறக்கியிருக்கிறேன். "பெண்ணைக் கூடத்துக்கு அழைத்துப் போங்கள்" என்று கத்திவிட்டுச் சந்துக்கு ஓடினேன். "முனியா, மேலே வா! கண்ணாடி உடைஞ்சிருக்கு!"

அவன் ஏறவில்லை. ஒரு தரம் சுவரை அண்ணாந்து பார்த்தான். சவுக்குக் கட்டைகளைக் கேட்டான். நான் மறுத்தேன், கெஞ்சினேன், திட்டினேன். கடைசியில் கட்டைகளை இறக்கினேன். சுவரின் அடியில் கட்டையை நிறுத்தி அவன் ஆப்பு அடிக்க அடிக்க, காரை பெயர்ந்து அவன் தலையில் விழுந்தது. மூன்றாவது கட்டை இறுகியதும் மண் உதிர்வது நின்றது. அதற்குப் பிறகுதான் மேலே வந்தான். வந்தவன் கையைப் பிடித்துக்கொண்டு, கூப்பிட்டபோதே ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"முட்டு குடுக்காம நான் ஏறிட்டா சுவரு அந்தாண்ட சாஞ்சுடும் மேஸ்திரி. அந்தாண்ட புள்ளத்தாச்சி கீதுன்னியே."

உள்ளே ஓர் அழைப்பு

அந்த அம்மாள் மேல் எனக்கு வந்த கோபம் அன்று சாயங்காலத்துக்குள் என் மேலேயே திரும்பியது. கண்ணாடி எதற்கு என்று நான் சொன்னது கோர்ட்டுக்குப் போகிறவரிடம். சுவரோடு நாள் முழுக்க இருக்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலை உள்ளே ஒன்றும், முனியன் பார்க்கிற மாதிரி சந்துப் பக்கம் ஒன்றுமாக இரண்டு கண்ணாடி ஒட்டினேன். அந்த அம்மாள் கொல்லைக் கதவைத் திறந்து, முதல் தடவையாக முனியனிடம் நேரே பேசினார். "உள்ளே வந்து நீயே ஒரு தரம் பார்த்துக்கோப்பா" என்றார். முனியன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"வேணாம்மா, எனுக்குன்னு இங்க ஒண்ணு ஒட்டிக் குடுத்துட்டாரு. இதுக்கும் சோறு வெக்காம இருந்தா போதும்."

அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தையும் சமையலறையில் பத்து வார்த்தையும் சொல்லிவிட்டுத்தான் கண்ணாடி ஒட்டினேன். ஆனாலும் தினமும் காலையில் கண்ணாடியைப் பார்க்கும் முன்னால் எறும்பு இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.