கடலுக்குப் போகும் தெரு

மத்தியதரைக் கடலை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் பாலவாக்கத்தைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில், அந்தக் கடலோர ஊர்களின் சாயலில் ஒரு குட்டி நகரத்தை வரைந்து கொடுத்தவள் நான்தான். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, ஓட்டுக் கூரை, மாடிப்படியில் காகிதப்பூ. நிலத்துக்காரருக்கு அது போதும். சுற்றுலாவில் எடுத்த படங்களைக் கைப்பேசியில் தள்ளித் தள்ளிக் காட்டி, "இதே மாதிரி, அப்படியே வேணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பிறந்து வளர்ந்த ராயப்பேட்டைச் சந்துதான் அந்தப் படங்களில் குளித்துத் தலைவாரிக்கொண்டு நின்றது. நிழலுக்காக நெருங்கி நிற்கும் வீடுகள், உள்ளே முற்றம், வாசலில் நின்று கூப்பிட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும் தூரம். வெள்ளையும் நீலமும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த ஊர்களில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் கடைசியில் கடலுக்கு வந்துவிடலாம், எங்கே போகிறாய் என்று யாரும் மறிக்கமாட்டார்கள் என்று படித்திருந்தேன். அதுதான் பிடித்திருந்தது.

நானும் என் கூட்டாளியும் கல்லூரியில் ஒரே வகுப்பு. மயிலாப்பூரில் ஒரு மாடியில் அலுவலகம் போட்டு, ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து வரைந்தவர்கள். ஆட்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை, வரைவது என் வேலை. நான் நோன்பு வைக்கும் நாட்களில் என் எதிரில் அவன் காபி குடிக்க மாட்டான். ஒருவனை நம்ப இதைவிடப் பெரிய காரணம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்த நிலத்துக்குக் கிழக்கே, கடலை ஒட்டி ஒரு மீனவக் குப்பம் இருக்கிறது. அங்கிருந்து பெண்கள் மீன் கூடையோடு பஸ் நிறுத்தத்துக்கு வரும் பாதை நிலத்தின் நடுவே போனது. அந்தப் பாதையையே நகரத்தின் பெரிய தெருவாக வரைந்தேன். சாலையில் தொடங்கி மணலில் முடியும், எல்லாருக்கும் பொது. கூட்டாளி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இதுதாண்டி இந்த ஊருக்கே உயிர்" என்றான். வழி அடைபட்டுப் போகுமோ என்று குப்பத்தார் வேலையை மறித்தபோது, "நீ போய்ப் பேசு. உன்னைன்னா நம்புவா" என்று என்னையே அனுப்பினான்.

வழி அடைபடாது என்று வாக்குக் கொடுத்தேன். அவர்கள் சும்மா நம்பிவிடவில்லை. அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் வாக்குக் கொடுத்தால், ஊருக்குள் ஒருவர் அதற்குப் பொறுப்பு நிற்க வேண்டும். வாக்குத் தவறினால் வெளியாளைத் தேடிக்கொண்டு போகமாட்டார்கள். பொறுப்பு நின்றவருக்குத்தான் அதற்குப் பிறகு ஊர்க்கூட்டத்தில் பேச்சு இல்லாமல் போகும். அம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடி, இந்தப் பெண்ணுக்கு யார் நிற்பது என்று கேட்டார்கள். ஒரு அக்கா எழுந்தார். எங்கள் தெருவுக்குப் பல வருஷமாக மீன் கொண்டுவருகிறவர். அந்தக் கூட்டத்தில் பெண்கள் சொல் எடுபடுவது அபூர்வம். அவர் சொல் எடுபடும்.

"இது கவுனு போட்டுக்கினு திரிஞ்ச நாள்லேர்ந்து எனக்குத் தெரியும். வழி இருக்கும்னு சொல்லுதுன்னா இருக்கும். நான் நிக்கிறேன்" என்றார்.

கட்டடங்கள் பாதி எழுந்திருந்தபோது, தெருவின் முகப்பில் அழகுக்கு ஒரு வளைவு வேண்டும் என்றான் கூட்டாளி. வரைந்தேன். "ரெண்டு தூண்லயும் இரும்புத் தகடு பதிச்சு கான்கிரீட் போட்டுடு. பெரிய விளக்கா மாட்டிக்கலாம்" என்றான். எந்த உயரத்தில் என்பதையும் அவனே சொன்னான். தலைக்கு மேல் ஒன்று, முழங்கால் உயரத்தில் ஒன்று. முழங்கால் உயரத்தில் எந்தப் பைத்தியம் விளக்கு மாட்டும்? எனக்குத் தோன்றவே இல்லை. தரையில் வெளிச்சம் விழட்டும் என்று நினைக்கிறான் போலிருக்கிறது, ரசனைக்காரன் என்று மெச்சிக்கொண்டே வரைந்தேன்.

குடிவந்தவர்களில் என் மாமாவும் ஒருவர். திறப்பு விழாவில் எல்லாரும் வளைவின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சில நாள் கழித்து, தி.நகரில் அம்மாவுக்குப் புடவை பார்த்துக்கொண்டிருந்தபோது குப்பத்து அக்காவிடமிருந்து போன்.

"இன்னா பாப்பா, நம்ம வழில கேட்டு போட்டுக்கீறாங்கோ? வாச்மேன் சுத்திக்கினு போவ சொல்றான்."

ஏதோ தப்பு நடந்திருக்கும் அக்கா, இதோ வருகிறேன் என்றேன். போய்ப் பார்த்தேன். ஆளுயரத்துக்கும் மேலே ஒரு இரும்புக் கதவு. அதன் கீல்கள் என் தகடுகளின் மேல் பற்றவைக்கப்பட்டிருந்தன. மேலே ஒன்று, முழங்கால் உயரத்தில் ஒன்று, ஒரு இழைகூடப் பிசகவில்லை. கதவு எப்போதோ அவன் மனசில் இருந்திருக்கிறது. அதை மாட்டும் இடத்தை என் கையாலேயே வரைய வைத்திருக்கிறான்.

நேராக அலுவலகத்துக்குப் போனேன். அவன் பதறவில்லை.

"வாங்கறவா எல்லாரும் கேட் இருக்கான்னுதான் முதல்ல கேக்கறா. உன் மாமாவையே கேளேன். வாசல் வழியா மீன் கூடை போனா யார் வருவா?"

"முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீ குப்பத்துக்குப் போய்ப் பேசியிருப்பியா?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அதில் என்ன தெரிந்ததோ, குரலைத் தாழ்த்தி, "உனக்கு ஒரு பாஸ் போட்டுத் தரச் சொல்றேன். நீ எப்ப வேணும்னாலும் உள்ள போகலாம்" என்றான். அதைச் சமாதானம் என்றே நினைத்தான் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் பொருட்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அந்த மாடிக்கு அதற்குப் பிறகு போகவில்லை.

மறுநாள் குப்பத்துக்குப் போனேன், நகரத்தின் மதிலைச் சுற்றிக்கொண்டு, வெயிலில். சைதாப்பேட்டையில் தெரிந்த வக்கீல் ஒருவர் இருந்தார். வழக்குப் போடலாம் என்று சொல்லத்தான் போனேன். கோயில் முன்னால் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்து, "அது இன்னா சொல்ல வந்துக்கீதுன்னு கேளுங்கோ" என்றார். ஊர்த்தலைவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "நீ சொல்லுப்பா" என்றார். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். விளக்கு என்று சொல்லித் தகடு பதிக்க வைத்தது, நான் நம்பியது, அவன் கேட்ட கேள்வி. என்னை நன்றாக ஏமாற்றிவிட்டான் அக்கா என்று அழுதேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்:

"கோவம் இல்ல பாப்பா. உன்னைக் கேட்டா நீ அவனைச் சொல்ற. என்னைக் கேக்குறாங்கோ, நான் யாரைச் சொல்றது?"