பெண் பார்க்க வந்தவர்களும் சளி பிடித்த முயல்களும்

ஜப்பான்காரன் காலத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யாராவது கேட்டால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். என் வயதுக்காரர்களில் சிலர் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனார்கள். சிலர் படையில் சேர்ந்தார்கள். சிலர் கள்ளத்தனமாக அரிசி கொண்டுவந்து நாலு குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். நான் என் கல்யாண வேட்டியைக் கிழித்து, இரண்டு முயல்களுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணிக்குப் பஞ்சம் வந்து, ஜனங்கள் சாக்கைத் தைத்துக் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. பட்டுக்கரை போட்ட வேட்டியில் மூக்குத் துடைக்கப்பட்ட முயல்கள் பேராக் மாநிலத்திலேயே என்னுடையவை மட்டும்தான் இருக்கும்.

ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி. கணக்கெழுதுவதும், விடிகாலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதும் வேலை. ஜப்பான்காரன் நெருங்கிவிட்டான் என்று தோட்டத்துத் துரை ஒருநாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு தெற்கே ஓடியதும் பங்களா திறந்து கிடந்தது. விவரம் தெரிந்தவர்கள் பால் டின், தையல் மெஷின், கொசுவலை என்று அள்ளினார்கள். நான் நேராகப் புத்தக அலமாரிக்குப் போனேன். என் லட்சணம் அங்கேயே தெரிந்துவிட்டது. முயல் வளர்ப்பைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கையில் அகப்பட்டது. பின்கட்டுக்குப் போனால், துரைமகள் வளர்த்த முயல்கள் இரண்டு, வெள்ளையில் ஒன்று சாம்பலில் ஒன்று, தண்ணீர்கூட இல்லாமல் கூண்டில் உட்கார்ந்திருந்தன. புத்தகத்தை எடுத்துக்கொண்டு முயலை விட்டுவிட்டு வருவது நியாயமாகப் படவில்லை.

வாசலில் என் மனைவி கூண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எல்லாரும் திங்கிற பொருளத் தூக்கிட்டு வாராங்க. நீங்க மட்டும் திங்கிற வாய் ரெண்டத் தூக்கிட்டு வாறீங்களே!"

ரப்பரை வாங்க ஆளில்லாமல் போனது. மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி நட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் நாங்கள் சக்கரவள்ளி போட்டோம். கிழங்கு எங்களுக்கு, இலையில் பாதி எங்களுக்கு, பாதி முயல்களுக்கு. இந்தப் பாகப்பிரிவினையை என் மனைவி ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனாலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மழைக்காலம் வந்தது. முதலில் வெள்ளை தும்மியது, பிறகு சாம்பல். சாதாரணத் தும்மல் இல்லை. மூக்கிலிருந்து கஞ்சி மாதிரி வெள்ளையாக ஒழுகும். அதை முன்னங்கால்களால் துடைத்துத் துடைத்து, கால் மயிரெல்லாம் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். மூச்சு விடும்போது உள்ளே யாரோ ஓட்டை விழுந்த புல்லாங்குழலை ஊதுவதுபோல் ஒரு சத்தம்.

இதெல்லாம் என் கவலையாக மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. என் தங்கை எங்களோடு இருந்தாள். கல்யாணம் ஆகாதவள். பட்டாளத்து லாரிச் சத்தம் கேட்டாலே வயசுப் பெண்களின் முகத்தில் கரியைப் பூசி மரவள்ளிக் காட்டுக்குள் தள்ளிவிடுகிற காலம். பெண்ணைப் பெற்ற வீடெல்லாம் கிடைத்த மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. எங்களுக்கும் ஒரு தரகர் பாகான் செராயிலிருந்து சாதகம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தத்தில் நெல் வயல். அன்றைக்கு நெல் வயலுக்கு முன்னால் எந்தப் படிப்பும் நிற்காது. சாதகமும் பொருந்தியது.

"அப்ப நான் வாரேன் கிராணி" என்று தரகர் எழுந்தார். உள்ளேயிருந்து ஒரே ஒரு தும்மல்.

அவர் உட்கார்ந்தார். ஒற்றைத் தும்மலுக்குப் பிறகு நல்ல காரியத்துக்குக் கிளம்ப முடியாது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் எழுந்தார். மறுபடியும் ஒன்று.

"அண்ணே, அது முயல்" என்றேன்.

"எதுவா இருந்தா என்னா? தும்மல் தும்மல்தானே!"

கடைசியில் இரண்டு தும்மலுக்கு நடுவே ஒரு இடைவெளி பார்த்து, லாரி ஓடும் ரோட்டைக் கடப்பவர்போல் பாய்ந்து வெளியே போனார். போகும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அவங்க பொண்ணு பாக்க வாறதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணிடுங்க. தட்டு மாத்துற நேரத்துல இப்படி ஒண்ணு கேட்டுச்சு, அவ்வளவுதான். எந்திரிச்சுப் போயிடுவாங்க."

என் மனைவிக்கு வழி ஏற்கெனவே தெரிந்திருந்தது. "மொளகு அரைச்சு ஒரு கொழம்பு வச்சா எல்லாத் தும்மலும் நின்னுடும்."

"வளத்ததை எப்படித் திங்கிறது?"

"நீங்க திங்க வேணாம். நாங்க திங்கிறோம்."

தங்கை சண்டையில் கலந்துகொள்ளவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, ஒரு மொயலுக்குச் சளி புடிச்சதுக்காக நான் காலம் பூரா இங்கயே உக்காந்திருக்கணுமா?"

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் குணப்படுத்திவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எதை வைத்துக் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள். என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது.

குளிர்காற்றுதான் முயலுக்கு முதல் எதிரி என்று புத்தகம் சொன்னது. அதை எழுதியவர் பனி கொட்டுகிற தேசத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பதும், நான் முதுகில் வேர்வை ஓட உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதும் எனக்கு உறைக்கவே இல்லை. படித்தவனில்லையா? கூண்டை உள்ளறைக்குக் கொண்டுபோய், சன்னலைச் சாத்தி, இடுக்கிலெல்லாம் சாக்கைத் திணித்தேன்.

குழம்பு கைவிட்டுப் போனதும் என் மனைவியும் வைத்தியத்தில் இறங்கினாள். கோபமிருந்தாலும் ஒரு வேலையை அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். குழந்தைக்குச் சளி பிடித்தால் நம் வீடுகளில் என்ன செய்வோமோ அத்தனையையும் செய்தாள். நொச்சி இலை போட்டு ஆவி காட்டினாள். சாயங்காலமானால் சிரட்டைக் கரியில் சாம்பிராணி. சாம்பிராணி தீர்ந்ததும் தேங்காய் நார். மூடிய அறைக்குள் முயல் மூத்திரத்தின் நெடி ஒரு பக்கம், புகை ஒரு பக்கம். உள்ளே போனவுடன் எனக்கே கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டும். முயலுக்கு எவ்வளவு சளி இருக்கிறது பார் என்று என் மூக்கைத் துடைத்துக்கொண்டே அதன் மூக்கைத் துடைப்பேன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைக்க வேண்டும். உப்பு கிடைப்பதே குதிரைக்கொம்பு. எங்கள் சோற்றில் உப்பில்லை, முயலின் மூக்கில் இருந்தது. அதுவோ நன்றி காட்டுவதற்குப் பதிலாக என் மணிக்கட்டில் நகத்தால் கோடு கிழித்தது.

தும்மல் குறையவில்லை. கூடியது. கூடக் கூட நான் இன்னும் இறுக்கமாகச் சாத்தினேன்.

பிறகு டிரெஸ்ஸரிடம் போனேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் அவர். வெளியே மலேரியாக்காரர்கள் போர்வை இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார்கள். பார்த்ததுமே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை.

"யாருக்கு முடியல?" என்றார்.

"மூக்கு ஒழுகுது. மூச்சு வாங்குது. ரெண்டு பேருக்கு."

"வயசு?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "ரெண்டு இருக்கும்."

"பிள்ளைங்களத் தூக்கிட்டு வர வேண்டியதுதானே? ஒங்களுக்குப் பிள்ளையே இல்லையே கிராணி?"

சொன்னேன். டிரெஸ்ஸர் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டினார். "கொய்னா ஹாபிஸ். பஞ்சு ஹாபிஸ். எல்லாம் தீந்துபோச்சு. இந்த மனுசங்களுக்கு மரப்பட்டையக் காச்சிக் குடுத்துட்டு இருக்கேன். நீங்க மொயலுக்கு மருந்து கேட்டு வாறீங்க. நல்லா இருக்கு லா!" நடுங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் காய்ச்சலையும் மீறிச் சிரித்தார். அன்று ஆஸ்பத்திரியில் குணம் கண்டது அவர் ஒருவர்தான்.

அவர்கள் வரும் நாள் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா, பெரியப்பா, கூடவே தரகர். மாப்பிள்ளை வரவில்லை. பெரியப்பா வந்ததும் வராததுமாக நேரத்தைப் பற்றி ஒரு தர்க்கத்தை ஆரம்பித்தார். கடிகாரத்தை ஜப்பான்காரன் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தான். அப்படியானால் ராகு காலமும் டோக்கியோவுக்குப் போகுமா, பேராக்கிலேயே இருக்குமா? ராகுவுக்கு ஜப்பான் பாஷை தெரியாது என்று கடைசியில் அவரே தீர்ப்புச் சொல்லி, தட்டு மாற்றலாம் என்றார்.

கூண்டு உள்ளறையில். அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் போர்வை, கதவு சாத்தியிருந்தது. கதவிடுக்கு வழியாக நார்ப்புகை மெல்லக் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. என் தங்கை சர்க்கரையில்லாத காப்பியைக் கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள். வெற்றிலைத் தட்டுக்கு அந்த அம்மாள் கையை நீட்டினார்.

தும்மல்.

பெரியப்பாவின் கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட்டது. எண்ணுகிறார். இன்னொரு தும்மல். அவர் முகம் தெளிந்தது. ரெட்டையாக வந்தால் தோஷமில்லை. மூன்றாவதும் வந்தது. அதற்கப்புறம் அந்த ஓட்டைப் புல்லாங்குழல் மூச்சு, நிற்காமல்.

"உள்ள யாரு?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

"யாருமில்லையே" என்றேன் நான்.

"எங்க சித்தி" என்றாள் என் மனைவி, அதே நேரத்தில்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து சொன்ன ஒரே பொய் அது. அதையும் சேர்த்துச் சொல்ல வரவில்லை.

அந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். "எத்தன நாளா இந்த இளைப்பு? சயமா?" என்றார். தரகர் கூரையைப் பார்த்தார். வீட்டுக்குள் ஒரு சயரோகக்காரியை ஒளித்துவைத்துப் பெண் கொடுக்கிற குடும்பம் என்று பாகான் செராய் முழுக்கச் சொன்னால் போதும். அப்புறம் என் தங்கைக்கு மரவள்ளிக் காட்டிலிருந்துகூட மாப்பிள்ளை வரமாட்டான். அந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டார்.

நான் வாயைத் திறந்தேன். குளிர்காற்றைப் பற்றிப் புத்தகத்தில் போட்டிருப்பதுதான் வாயில் வந்து நின்றது.

தங்கை காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். உள்ளே போனாள். கதவு திறந்ததும் புகை மொத்தமாகக் கூடத்துக்கு வந்தது. புகைக்குள்ளிருந்து அவள் வெள்ளை முயலை இடுப்பில் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்து, அந்த அம்மாளின் முன்னால் நின்றாள்.

"இதுதாங்க எங்க சித்தி" என்றாள். "எங்க அண்ணன் வளக்கிறாரு. சளி புடிச்சிருக்கு. வேற யாருக்கும் ஒண்ணுமில்ல."

பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணே வாயைத் திறப்பதை அந்த வீடு அதற்குமுன் பார்த்ததில்லை. முயல் அந்த அம்மாளை ஒருதரம் பார்த்துவிட்டு, அவர் புடவையிலேயே தும்மியது.

பெரியப்பாதான் முதலில் சிரித்தார். இருமலும் சிரிப்புமாக வெகுநேரம் சிரித்தார். "சாஸ்திரத்துல பூனை இருக்கு, பல்லி இருக்கு. மொயல் எங்கயும் இல்ல. தட்டை எடுங்க!" என்றார். தட்டு மாறியது.

அந்தக் களேபரத்தில் கூண்டை வெளியே கொண்டுவந்து கிணற்றடியில் ஓலை வேய்ந்த அத்தாப்புக் கொட்டகையில் வைத்தோம். திருப்பி உள்ளே கொண்டுபோக யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு அவற்றின் முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருந்தது. மூக்குத் துடைக்கவும் போகவில்லை. காற்று நாலு பக்கமும் அடித்தது. என் மனைவி மட்டும் காய்ந்த லாலாங் புல்லை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாண வேலை முடிந்து ஒருநாள் போய்ப் பார்த்தால், சாம்பலுக்கு மூக்கு காய்ந்திருந்தது. வெள்ளைக்குச் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. முழுக்க விடவில்லை, கடைசிவரை அவ்வப்போது ஒன்று போடும். நான் ராப்பகலாகப் பார்த்த வைத்தியம்தான் வியாதி. கைவிட்டதுதான் மருந்து. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாளாயிற்று. என் மனைவி அதற்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

ஆனாலும் ஒரு பெருமை என்னிடம் மிச்சமிருந்தது. தங்கை பாகான் செராயிலிருந்து முதல்முறை வந்தபோது, இடுப்பில் மறைத்துக் கட்டிவந்த அரிசியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "என்ன இருந்தாலும் அந்த முயல்தான் உன் கல்யாணத்தை முடிச்சு வச்சது. ஒளிக்காம எடுத்துக் காட்டினோம் பாரு, அந்த நேர்மைதான் அவங்களுக்குப் புடிச்சுப்போச்சு" என்றேன்.

அவள் அரிசியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்:

"நீங்க வேற அண்ணே. சயாமுல ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் புடிக்கிறான், போனவன் திரும்புறதில்ல, கல்யாணம் ஆனவன விட்டுடுவாங்கன்னு யாரோ சொல்லி, அந்த மாசமே எவளையாச்சும் கட்டி வச்சிடணும்னுதான் அத்தை பொறப்பட்டு வந்திருக்காங்க. உள்ள நெசமாவே நீங்க சயம் வந்து படுத்திருந்தாலும் தட்ட மாத்திட்டுத்தான் போயிருப்பாங்க."