காதர் பாய், சவுண்டு கம்மி பண்ணு

மைக் செட் காதர் பாய் பூட்டாரு.

காலைல அவரு பொண்ணு ஃபோன் பண்ணிச்சு. "மாமா, அத்தா தூக்கத்துலயே..."ன்னுச்சு. "சரிம்மா"ன்னு வெச்சிட்டேன். 

டீ ஆறிப்போய் கெடக்குது. அழுக வரல. ஒண்ணுமே வரல. அதான் இந்த குரூப்ல வந்து எழுதிக்கினு கீறேன்.

இங்க இருக்கற பாதி பேருக்கு நான் ரிட்டயர் ஆன ஃபேக்டரி ஆளுன்னுதான் தெரியும். எழுபத்தஞ்சு எழுபத்தாறாம் வருஷ வாக்குல பொன்னேரில எங்களுக்கு ஒரு பேண்டு இருந்துது. நான் பாட்டு, கிடார். தாஸ் பாங்கோஸ் வாசிப்பான். ஆர்மோனியத்துக்கும் டிரம்முக்கும் ரெண்டு பசங்க. மைக் செட்டு காதர் பாய்.

சினிமா பாட்டு பாட மாட்டோம். எல்லாம் நானே எழுதி நானே மெட்டு போட்டது. திமிருதான், வேற இன்னா.

கல்யாண ஊட்ல எவனாவது "யோவ், சினிமா பாட்டு பாடுயா"ன்னு கத்துவான். பாய் கைய நீட்டுவாரு. ஆம்ப்ளிஃபயர் குமிழ ஒரு திருகு... அவன் கத்துறது அவனுக்கே கேக்காது.

"ஊரு வாய மூட ஒலமூடி இல்லன்னு எவன் சொன்னான்? இதோ கீதே. நீ பாடு நைனா"ம்பாரு.

ஆனா அவரு ஏத்துற ஏத்துக்கு கூம்பு ஸ்பீக்கர் கீ...ன்னு கூவும். அதனால சரணத்துக்கு முன்னாடி மியூசிக் போற கேப்ல நான் மைக்லயே சொல்வேன். "காதர் பாய், சவுண்டு கம்மி பண்ணு பாய்."

எல்லா மேடைலயும் இதேதான். பாட்டோட பாட்டா ஒட்டிக்கிச்சு.

அப்புறம் ரெக்கார்டு ஆசை வந்துது. இப்ப பசங்க ஆல்பம்ங்கறாங்களே, அது. ரெண்டு பக்கமும் சேத்து நாலு பாட்டு. எந்த கம்பெனியும் சேக்கல, நாங்களே போடறதுன்னு முடிவு பண்ணோம்.

மெட்ராஸ் ஸ்டுடியோவுக்குப் போற அன்னிக்கு பொன்னேரி ஸ்டேஷன்ல பாய் எங்களுக்கு முன்னாடியே வந்து நிக்கிறாரு. சலவ சட்ட. கைல பை. பைக்குள்ள டவல் சுத்துன மைக்கு.

தாஸ்தான் சொன்னான். "பாய், அங்க மைக்கு, ஆளு, எல்லாம் அவங்களே வெச்சிருக்காங்க. உங்களுக்கு அங்க வேல இல்ல."

"அப்டியா... சரிபா. நல்லா பாடிட்டு வாங்க."

வண்டி கெளம்பிச்சு. அவரு பையோட அப்டியே நின்னுக்கினு இருந்தாரு. அந்த நிப்பு இப்பவும் கண்ணுல கீது.

ஸ்டுடியோல எல்லாரும் ஒண்ணா வாசிக்கணும், ஒரே மூச்சுல. மூணு பாட்டு சுத்தமா முடிஞ்சுது. கடைசியா எளாவூர் லாரி பாட்டு. செக்போஸ்ட்ல வண்டிய போட்டுட்டு ஊட்ட நெனச்சிக்கினு ஒரு டிரைவர் பாடுற பாட்டு. இருக்கறதுலயே அதான் நல்ல பாட்டு.

பல்லவி முடிஞ்சுது. கேப் வந்துது. என் வாயி அதும்பாட்டுக்கு சொல்லிடுச்சு... "காதர் பாய், சவுண்டு கம்மி பண்ணு பாய்."

பாட்ட முடிச்சா, ஸ்டுடியோக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலைல கைய வெச்சிக்கினு கீறாரு. "யாருய்யா அந்த காதர் பாய்?"

திரும்ப எடுக்க நேரம் இல்ல. அடுத்த பார்ட்டி வாசல்ல நிக்குது. பாட்டு வேணும்னா அதையும் சேத்துதான். தாஸ் அந்தப் பாட்டையே தூக்கிடுன்னான், கேக்கறவன் சிரிப்பான்னான். நான் முடியாதுன்னுட்டேன்.

ஊர்ல பாய் எங்ககூட பேசறதையே விட்டுட்டாரு. ரெக்கார்டு வெளியீட்டுக்கு செட்டு கட்டக் கூப்டா, "அன்னிக்கு வேற ஆர்டர் கீது, வேற ஆள பாருங்க"ன்னாரு.  பாய் இல்லாம எங்களுக்கு ஏது மேடை?

கடைக்கே போய் நின்னேன். "நீ வரலன்னா நான் வெளியிடல பாய். பொட்டியோட கெடக்கட்டும்."

கைல இருந்த ஒயர சுத்தி முடிச்சாரு. அப்புறம், "ரெக்கார்ட போட்டுட்டு போய்டுவேன். உக்காரல்லாம் மாட்டேன்."

ரைஸ் மில்லு களத்துல ஃபங்ஷன், ஒரு ஞாயித்துக்கெழம சாயங்காலம். நான் மாலையோட சேர்ல. பாய் ரெக்கார்ட வெச்சிட்டு, எங்களுக்கு முதுகு காட்டிக்கினு பீடி பத்த வெச்சாரு. அந்த ரெக்கார்டுல இன்னா கீதுன்னு யாரும் அவருகிட்ட சொல்லல.

லாரி பாட்டு வந்துது. பல்லவி முடிஞ்சுது. கூம்பு ஸ்பீக்கர்ல என் கொரலு. "காதர் பாய், சவுண்டு கம்மி பண்ணு பாய்."

பீடிய வீசிட்டு ஓடினாரு மனுஷன். குமிழ கொறைச்சாரு. கொறைச்சிட்டு என்ன திரும்பிப் பாத்தாரு.

என் வாயி மூடிக்கினு கீது. மைக்கு முன்னாடி யாரும் இல்ல.

"ரெக்கார்டுலயுமாடா என்னை வேல வாங்குவ?"

களமே சிரிச்சுது. அவரும் சிரிச்சாரு, கண்ணெல்லாம் தண்ணி. முள்ள எடுத்து மறுபடி மொதல்லேந்து வெச்சாரு. அந்த எடம் வந்ததும் மறுபடி கொறைச்சாரு.

ரெக்கார்டு போணியாவல. அடுத்தது போடவும் இல்ல. ஆனா எந்த ஊட்டு கல்யாணத்துக்கு செட்டு கட்டினாலும் அந்தப் பாட்ட ஒரு வாட்டி போட்டுடுவாரு. அந்த எடத்துல கை தானா குமிழுக்குப் போவும். பாத்திருக்கேன்.

பேரன் அந்த நாலு பாட்டையும் ஃபோன்ல ஏத்திக் குடுத்துருக்கான். இப்ப லாரி பாட்ட போட்டேன்.

"காதர் பாய், சவுண்டு கம்மி பண்ணு பாய்"ங்கறேன்... சின்னப் பையன் கொரலு.

சவுண்டு அப்டியே இருந்துது.

மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். சட்ட மாத்திட்டு கெளம்பணும்.

போய்ட்டு வா பாய்... ஏத்தியே வெச்சிக்கோ. இனிமே கொறைக்கச் சொல்ல மாட்டேன்.