பின்லாந்துப் பேப்பரில் வந்த தம்பியைத் தேடி சோஹாருக்கு

ஓமானிலுள்ள சோஹாருக்குப் போகிறவர்கள் வெள்ளைக் கோட்டையைப் பார்ப்பார்கள், கடற்கரையில் நடப்பார்கள், மீன் மார்க்கெட்டில் படம் எடுப்பார்கள். போன பிப்ரவரியில் நான் போனது இது எதற்கும் இல்லை. பின்லாந்து நாட்டுச் செய்தி ஒன்றைப் படித்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கடைசிவரை புரியாமல், தலை சுற்றிப்போய்க் கிளம்பினேன்.

நான் துபாயில் நர்ஸ், எலும்பு முறிவுப் பிரிவில். கராமாவில் ஒரு பழைய கட்டடத்தில் இரண்டு மலையாளப் பெண்களோடு அறை. முன்பு அதே அறையில் இருந்த நாகர்கோவில் ஷீபா இப்போது பின்லாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், நான் டியூட்டி முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தபோது, அவளிடமிருந்து மூன்று லிங்க் வந்தன. கூடவே ஒரு வரி: "ஜெசி, இது உன் தம்பிதானே?"

தம்பியேதான். தலையில் ஹெல்மெட், தோளில் கை தடிமனுக்கு ஒரு கயிறு, பின்னால் கடல். கீழே அந்தோணி என்ற பெயரும் சோஹார் என்ற ஊரும் மட்டும் எனக்குப் படிக்க முடிந்தது. குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. அந்தோணி சோஹார் துறைமுகத்தில் கோடவுனில் வேலை பார்ப்பதாகத்தான் எங்கள் எல்லோருக்கும் தெரியும். கோடவுனில் எதற்குக் கப்பல் கயிறு?

முதல் லிங்க், பின்லாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊரின் உள்ளூர்ப் பேப்பர். நாலு வரிக்குப் பிறகு மீதி சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் என்று மறைத்துவிட்டார்கள். தெரிந்த வரிகளைப் போனில் தமிழாக்கிப் பார்த்தேன். "அவர் தண்ணீரில் விழுந்தார். அவள் பின்னால் குதித்தாள்." சரி, ஆங்கிலத்திலும் பார்ப்போம் என்று மாற்றினால், அங்கே விழுந்தது அவள், குதித்தது அவன். இரண்டாவது லிங்க், தலைநகரத்திலிருந்து வரும் பரபரப்புப் பத்திரிகை. கொட்டை எழுத்தில், "சோஹாரில் தண்ணீரில் விழுந்தது. நடந்தது இதுதான்!" எது விழுந்தது? மூட்டையா, மனிதனா? மூன்றாவது, கப்பல் தொழிலாளர்களுக்கான மாதப் பத்திரிகையின் இணையப் பக்கம். அதில் தம்பியின் பெயருக்கு அடுத்து இருந்த வரியை இரண்டு முறை படித்தேன். "அவரது கை இப்போது பொட்டலத்தில் உள்ளது."

ஷீபாவைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, இவங்க பாஷைல அவன், அவள் ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான். போன் அது இஷ்டத்துக்கு ஒண்ணைப் போட்டுக்கும். அதை நம்பாத."

"அப்போ பொட்டலம்?"

"பேக்கட்னுதான் போட்டிருக்கு. எனக்கு வார்டு பாஷைதான் தெரியும், பேப்பர் பாஷை தெரியாது. காலைல இங்க ஸ்டாஃப்ட்ட கேட்டுச் சொல்லுறேன்."

அந்தோணியின் போன் கொஞ்ச நாளாகவே அணைந்து கிடந்தது. வேறொரு நம்பரிலிருந்து "போன் ரிப்பேர், நல்லா இருக்கேன்" என்று ஒரு மெசேஜ் வந்ததோடு சரி. அந்த நம்பருக்கு அடித்தேன். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. எங்கள் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். அதற்குப் பிறகு, மகன் தண்ணீர்ப் பக்கமே வேலைக்குப் போகக் கூடாது என்று அம்மா கோயிலில் வைத்து அவனிடம் வாக்கு வாங்கியிருந்தார். இந்த மூன்று பத்திரிகையையும் வைத்துக்கொண்டு அம்மாவிடம் நான் என்ன சொல்வது? மறுநாள் எனக்கு லீவு. போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

காலையில் மெட்ரோவில் புர்ஜுமான் போய், பச்சைத் தடத்துக்கு மாறி அல் ராஸில் இறங்கினேன். தேராவில் மசாலாச் சரக்கு வியாபாரம் செய்கிற கீழக்கரை காதர் பாய் வாரம் ஒருமுறை சோஹாருக்குச் சொந்தக் காரில் போய்வருவார். அவருடைய மனைவிக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனபோது எங்கள் வார்டில்தான் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும், "ஏறு தங்கச்சி, யல்லா" என்றார். ஆறரைக்குக் கிளம்பினோம்.

ஹத்தா எல்லை வரை ஒன்றரை மணி நேரம். மதாம் வழியாகப் போகும் பழைய சாலை நடுவில் ஓமானுக்குள் புகுந்து வெளியே வரும். நம்மை அதில் விடமாட்டார்கள். மலீஹா பக்கமாகச் சுற்றி வர வேண்டும். வழியெல்லாம் வெறும் மலை, புல்கூட இல்லாத பழுப்பு மலை. வேறொரு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன்.

"ஆம்பளையா பொம்பளையான்னுகூட சொல்லாம எப்புடிமா பேப்பர் நடத்துறாங்க?" என்று காதர் பாய் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"நாமளும் மரியாதைக்கு அவர்னு சொன்னா யாருக்குத் தெரியும் பாய்?"

"அட, ஆமாம்ல" என்றார். "சரி, உன் தம்பி மீன்காரவூட்டுப் புள்ள. அவன் எங்க விழப் போறான்? அவந்தான் குதிச்சிருப்பான். யாரையாச்சும் காப்பாத்தியிருப்பான். அதான் படம் போட்டிருக்காங்க."

அது எனக்கும் தோன்றியிருந்தது. ஆனால் காப்பாற்றியவனின் கை ஏன் பொட்டலத்தில் இருக்கிறது? நான் பார்க்கிற வார்டில் கை கால் துண்டாகி, பையில் போட்டு எடுத்து வந்தவர்களும் உண்டு. அதை அவரிடம் சொல்லவில்லை.

எல்லையில் ஒரு மணி நேரம் ஆனது. வெளியேறும் கட்டணம் ஆளுக்கு முப்பத்தைந்து திர்ஹம் சொச்சம். ஓமான் பக்கத்து அதிகாரி, "டூரிசம்?" என்று கேட்டார். தலையாட்டினேன். அங்கிருந்து என் போனில் நெட் போய்விட்டது. ஷீபா ஏதாவது சொன்னாளா என்று பார்க்கவும் வழியில்லை. மலை முடிந்து, பேரீச்சைத் தோப்பும் பச்சை வாசல் கதவுள்ள வீடுகளும் வந்து, கடலோர நெடுஞ்சாலையைப் பிடித்தபோது மணி பத்தேகாலைத் தாண்டிவிட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பலஜ் அல் கபாயில் என்ற இடத்தில்தான் தம்பியின் கேம்ப். சோஹார் நகரத்துக்கு முன்பே வந்துவிடும்.

கேம்பில் வரிசையாக அறைகள், வாசல் முழுக்கச் செருப்பு. கதவைத் திறந்த ராமநாதபுரத்துக்காரர் என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "அந்தோணி, உங்க அக்கா மாதிரி யாரோ" என்றார்.

கீழ்க்கட்டிலில் அந்தோணி உட்கார்ந்திருந்தான். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு. கழுத்திலிருந்து தொட்டில் மாதிரி துணி.

நான் தினமும் பத்துப் பேருக்குப் பார்க்கிற மாவுக்கட்டு. ஐந்து விரலும் வெளியே தெரிகின்றன. ஒவ்வொன்றாகத் தொட்டு, அசைக்கச் சொல்லி, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டேன். அதன் பிறகுதான் அழுகை வந்தது.

"யாருக்கா சொன்னது?"

"பின்லாந்துப் பேப்பர்."

அவன் விழித்தான். அறையின் வைஃபையை வாங்கி லிங்கைக் காட்டலாம் என்று போனை எடுத்தால், ஷீபாவின் மெசேஜ் வந்து விழுந்தது. "ஜெசி, கை பேக்கட்ல இருக்குன்னா மாவுக்கட்டு போட்டிருக்காம்! இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்களாம்!"

படத்தை அந்தோணி நெடுநேரம் பார்த்தான். கப்பல் மேலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றான். கோடவுன் வேலை ஒரு வருஷத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. கரைக்கு வரும் கப்பல்களின் கயிற்றை வாங்கிக் கட்டுகிற, அவிழ்க்கிற வேலையில் சேர்ந்திருக்கிறான். அம்மாவுக்குப் பயந்து யாரிடமும் சொல்லவில்லை.

"நீதானே குதிச்ச?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. நாந்தான் விழுந்தேன்."

காதர் பாய் வாசலில் நின்றபடி "யா அல்லாஹ்" என்றார்.

"இடைஞ்சலா இருக்குன்னு லைஃப் ஜாக்கெட்டைக் கழத்தி வச்சிருந்தேன். என் தப்புதான். கயிறு இழுத்ததுல கால் வழுக்கிட்டு. விழும்போது கையி கரைச்சுவர்ல அடிச்சிப் போச்சு. நீந்தத் தெரிஞ்சி என்ன, ஒத்தக் கையால ஒண்ணும் செய்ய முடியல. கப்பலுக்கும் சுவருக்கும் நடுவுல கிடக்கேன்."

"குதிச்சது யாரு?"

"கப்பல்ல செகண்ட் ஆபீசர். கப்பல் தண்ணிக்குள்ள எவ்வளவு அமுங்கியிருக்குன்னு பாக்கக் கரைல இறங்கி நின்னாங்க. நான் முங்குனதும் குதிச்சாங்க." தலையைக் குனிந்துகொண்டு, "பொம்பளக்கா" என்றான்.

அவனுக்கு வெட்கம். குளச்சல் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன் தண்ணீரில் விழுந்து, ஒரு பெண் வந்து தூக்கியது. அதைவிட, கடலில் போன அப்பாவின் மகன் வாக்கை மீறிக் கடலிலேயே விழுந்தது. இதை வைத்துக்கொண்டு எப்படி போன் பண்ணுவேன் என்றான். அவனுடைய போனோ கடலோடு போய்விட்டது.

அப்படியானால் தமிழில் வந்த மொழிபெயர்ப்பு தெரியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறது. ஷீபா நம்பாதே என்றாள், நானும் நம்பவில்லை. அந்த அறையில் உட்கார்ந்து நான் யார்மீது கோபப்படுவது, யாருக்கு நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் தம்பியைத் திட்டினேன். பிறகு கறி வாங்கிவரச் சொல்லி அந்த ராமநாதபுரத்துக்காரரோடு சேர்ந்து சமைத்தேன்.

போகிறவர்களுக்கு உதவும் விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மறந்துவிடுவேன். காருக்கு ஓமானில் செல்லுகிற இன்சூரன்ஸ் தாள் கையில் இருக்க வேண்டும். ரெசிடென்ஸ் விசா உள்ளவர்களில் சில வேலைகளில் இருப்பவர்களுக்குத்தான் எல்லையில் எளிதாக அனுமதி. உங்கள் விசாவில் என்ன வேலை போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள், நான் போடாமல் பட்ட பாடு போதும். வெள்ளிக்கிழமை மதியம் கடைகள் அடைத்திருக்கும். கோட்டையைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள், நான் பார்க்கவே இல்லை. அந்நிய பாஷைச் செய்தியை நம்பி யாரும் பதறாதீர்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் பதறாமல் இருந்திருந்தால் தம்பி இன்னும் எத்தனை நாள் அந்தக் கட்டிலில் ஒளிந்துகொண்டிருப்பானோ.

சாப்பிட்டுக் கை கழுவியதும் என் போனை எடுத்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். "வேண்டாம்க்கா, சொல்லாத, கேட்டியா" என்று அந்தோணி கெஞ்சினான். அம்மா முகம் வந்ததும் போனை அவன் பக்கம் திருப்பினேன். மாவுக்கட்டு தெரிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவனே எல்லாவற்றையும் சொன்னான், கோடவுன் பொய்யையும் சேர்த்து.

அம்மா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆவலியே மக்கா?" என்றார்.

"ஆவலம்மா. மறுநாளே கப்பல்ல போயிட்டாங்க."

"பேரென்ன?"

அந்தோணிக்குத் தெரியவில்லை. நான் ஷீபாவுக்கு எழுதிக் கேட்டேன். பைவி என்று பதில் வந்தது. அம்மா இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அதுக்கும் அம்ம இருப்பாங்கல்லா. மவ செஞ்ச காரியம் அவங்களுக்குத் தெரியுமா? யாரும் சொன்னாங்களா?"

நான் அந்த முதல் லிங்கைத் திரும்பத் திறந்து பார்த்தேன். நாலு வரியில் செய்தியை மறைத்துவைத்த அந்தச் சின்ன ஊர்ப் பேப்பர். அதில் பைவி என்ற பெயருக்கு முன்னாலேயே அந்த ஊரின் பெயர் இருந்தது. இத்தனை முறை பார்த்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

"தெரியும்மா," என்றேன். "அவங்க ஊர்ப் பேப்பர்லதான் வந்திருக்கு."